பரீட்சைக்கு மூன்று கிழமை: ‘பரனைட் 451’ஐயும் கிரேக்கப் புராணங்களையும் எப்படிப் படிப்பது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்: “சேர், எங்கள் ஆங்கில இலக்கியப் பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. இரண்டு மணித்தியால வினாத்தாள். முதற்பகுதியில் ரே பிராட்பரியின் ‘பரனைட் 451’ நாவலிலிருந்து ஒரு துண்டைத் தந்து கேட்பார்கள். இரண்டாம் பகுதி கிரேக்கப் புராணங்கள். புரொமிதியஸ், பண்டோரா, இக்காரஸ், தீசியஸ் கதைகள். மூன்றாவது, டிஸ்டோபியப் புனைவையும் (கெட்டுப்போன சமூகத்தைக் காட்டும் கதைகள்) புராணத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை. ரியூசனில் அறுபது பக்கக் குறிப்புத் தந்தார்கள். பாதிக்குமேல் பாடமாக்கிவிட்டேன். ஆனால் போன தவணையும் இப்படித்தான் பாடமாக்கினேன். ‘கதையைத்தான் சொல்லியிருக்கிறாய்’ என்று சிவப்பு மையால் எழுதிப் புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். என்ன செய்வது?”

மகள், அந்த அறுபது பக்கத்தையும் கட்டி அலுமாரிக்குள் வை. எறியச் சொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கியது. ஆனால் நாவலை இன்னொரு முறை முழுதாக வாசித்து முடிக்கும்வரை அதைத் தொடாதே. ‘பரனைட் 451’ பெரிய புத்தகமல்ல, மூன்றே பாகம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். குறிப்பை வாசித்த பிள்ளை யார், புத்தகத்தை வாசித்த பிள்ளை யார் என்பது விடைத்தாளின் இரண்டாவது பந்தியிலேயே தெரிந்துவிடும். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்.

சிவப்பு மையில் எழுதியவர் சொல்ல வந்தது இதுதான். அவருக்குக் கதை தெரியும். மொன்டாக் தீயணைப்புப் படையில் இருக்கிறான், ஆனால் புத்தகங்களை எரிப்பதே அவன் தொழில், கிளாரிஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணைச் சந்திக்கிறான், மனம் மாறுகிறான் என்று அரைப்பக்கம் எழுதினால், அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை நீ திருப்பிச் சொல்கிறாய். அவருக்கு வேண்டியது வேறு. இந்தச் சொல் ஏன் இந்த இடத்தில் நிற்கிறது? அதை நீ சொல்ல வேண்டும்.

முதற்பக்கத்தை எடு. நாவலின் முதல் வசனம் ஆறே ஆறு ஆங்கிலச் சொற்கள். எரிப்பது இன்பமாக இருந்தது என்பது பொருள். யாருக்கு இன்பம்? சொல்லவில்லை. எதை எரித்தார்கள்? அதுவும் இல்லை. ஆளும் இல்லை, பொருளும் இல்லை. எரிப்பும் இன்பமும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நாம் குற்றம் என்று நினைக்கவேண்டிய ஒன்றை இன்பம் என்று தொடங்கி, வாசகரையும் ஒரு கணம் அந்த இன்பத்துக்குள் நிற்க வைத்துவிடுகிறார் பிராட்பரி. அடுத்து மண்ணெண்ணெய் பீய்ச்சும் குழாய் நஞ்சு துப்பும் மலைப்பாம்பாகிறது. (மலைப்பாம்புக்கு நஞ்சு இல்லை என்று உன் விஞ்ஞான ஆசிரியர் சொல்வார். அதைப் பரீட்சையில் எழுதிவைக்காதே.) பிறகு, எரியும் புத்தகங்கள் புறாக்களைப்போலச் சிறகடித்துச் சாகின்றன. அந்த வினைச்சொல்லைப் பார். காகிதம் எரியும், கருகும், சாம்பலாகும், சாகாது. புத்தகத்துக்கு உயிர் இருக்கிறது என்று மொன்டாக்குக்குத் தெரிவதற்கு முன்பே அந்த வசனத்துக்குத் தெரிந்திருக்கிறது. இதை நாலு வரியில் எழுதிவிட்டால், ‘ஆசிரியர் குறியீடுகளைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்’ என்ற குறிப்புக் கொப்பி வரி உனக்குத் தேவைப்படாது. அந்த வரியை எந்த நாவலுக்கும் எழுதலாம். ஆகவே அது எந்த நாவலுக்கும் உதவாது.

இரண்டாவது வாசிப்பில் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போ. நான் தீயைப் பிடிப்பேன். தொடக்கத்தில் அது விளையாட்டு. பிறகு, புத்தகங்களை விட்டு வெளியேற மறுக்கும் கிழவியின் வீட்டில், அவளே தீக்குச்சியைக் கிழிக்கிறாள். எரிக்கும் அதிகாரம் ஒரு நொடியில் கைமாறிப் போகிறது. அப்போது அவள் சொல்லும் வார்த்தை, 1555இல் ஒக்ஸ்போர்டில் சமயக் கொள்கைக்காக எரிக்கப்பட்ட லற்றிமர், கூட எரிந்த ரிட்லிக்குச் சொன்னதாக வழங்குவது. அதைப் பிறகு மொன்டாக்குக்கு விளக்குகிறவன் யார் தெரியுமா? எரிப்பவர்களின் தலைவன் பீற்றி. எல்லாப் புத்தகத்தையும் வாசித்தவன்தான் எல்லாவற்றையும் எரிக்கிறான். இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவை. கடைசியில், ஊரைவிட்டுத் தப்பி ஓடிய மொன்டாக் இருட்டுக்குள் ஒரு சிறு நெருப்பைக் காண்கிறான். சுற்றி இருந்து சிலர் குளிர்காய்கிறார்கள். தீ எடுக்க மட்டுமல்ல, கொடுக்கவும் செய்யும் என்று அவன் வாழ்நாளில் நினைத்ததில்லை. முதல் வசனத்தில் இன்பம், கடைசிப் பாகத்தில் கதகதப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழு நாவலும் இருக்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நீ பிறக்கவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள். செய்தி மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த அன்று என் தகப்பனார் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிராட்பரி 1953இல் எழுதியது எங்களைப் பற்றியதல்ல. 1933இல் நாசிகள் பெர்லினில் கொளுத்திய புத்தகங்கள், தன் நாட்டில் வீட்டுக்கு வீடு புகுந்துகொண்டிருந்த தொலைக்காட்சி, மாற்றுக் கருத்துச் சொன்னவரையெல்லாம் சந்தேகித்த அக்கால அமெரிக்க அரசியல், இவையே அவர் கண்முன் இருந்தவை. பரீட்சையில் அந்தக் காலத்தைத்தான் எழுத வேண்டும். சொந்தக் கருத்தைக் கேட்டால் யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வசனம் எழுது. ஒரு பந்தி எழுதாதே.

இனி, அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் விடும் பிழை: அரசாங்கம் புத்தகங்களைத் தடைசெய்தது என்று எழுதுவது. பீற்றி மொன்டாக்கின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து நீளமாகப் பேசும் இடத்தை வாசி. இது மேலிருந்து வந்ததல்ல என்கிறான். மக்களுக்குப் பொறுமை குறைந்தது, நூல்கள் சுருங்கின, ‘ஹம்லெட்’ ஒரு பக்கச் சுருக்கமாகியது. யார் மனமும் நோகக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்களுக்குப் பிடிக்காததை நீக்கச் சொன்னார்கள். எரிக்கும் படை பிந்தித்தான் வந்தது. (அறுபது பக்கக் குறிப்பும் அந்தச் சுருக்கங்களில் ஒன்றுதான். பீற்றி கண்டால் சந்தோஷப்படுவான்.) இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற டிஸ்டோபிய நாவல்களோடும் ஒரு வரியில் ஒப்பிடலாம். 1949இல் வந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’இல் கட்சி மனிதனை உடைத்துத் தன் வழிக்குக் கொண்டுவருகிறது. 1932இல் வந்த அல்டஸ் ஹக்ஸ்லியின் நாவலில் அந்த வேலையே இல்லை. சோமா என்ற குளிகையை விழுங்கிவிட்டு எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள். வேதத்தில் வரும் சோமபானத்தின் பெயர்தான் அது. சுவர் நிறையத் தொலைக்காட்சியும் காது நிறைய ஒலியும் நித்திரைக் குளிகையுமாக இருக்கும் மொன்டாக்கின் மனைவி மில்ட்ரெட், ஹக்ஸ்லியின் உலகத்துக்குத்தான் அயல்வீட்டுக்காரி.

டிஸ்டோபியா என்ற சொல்லின் வரைவிலக்கணத்தில் நேரத்தை விடாதே. 1516இல் தோமஸ் மோர் எழுதிய ‘யுட்டோப்பியா’வில் வரும் நல்ல நாட்டின் மறுபக்கம், கெட்ட இடம் என்பது கிரேக்கப் பொருள். ஒரு வசனம் போதும்.

புராணத்துக்கு வருவோம். நீ இரண்டு கொப்பி வைத்திருப்பாய், நாவலுக்கு ஒன்று, புராணத்துக்கு ஒன்று என்று. மூன்றாம் பகுதியில் பிள்ளைகள் தடுமாறுவது இதனால்தான். நாவலுக்குள்ளேயே புராணங்கள் இருக்கின்றன. அவர்களின் தீயணைப்பு வண்டிக்குப் பெயர் சலமாண்டர். நெருப்புக்குள் உயிர்வாழும் என்று பழங்காலத்தவர் நம்பிய பல்லி போன்ற பிராணி. மொன்டாக்கின் சட்டையில் பீனிக்ஸ் பறவை. கடைசியில் மொன்டாக் பிடிபடும்போது, சூரியனுக்குக் கிட்டப் பறந்து சிறகை எரித்துக்கொண்டவன் என்று பீற்றி அவனைக் கேலி செய்கிறான். பெயர் சொல்லாமலே இக்காரஸ் வந்துவிட்டான். பேராசிரியர் பேபர், மண்ணில் கால் ஊன்றி நிற்கும்வரை தோற்கடிக்க முடியாத அன்டேயஸை ஹெர்குலிஸ் தூக்கிப் பிடித்துக் கொன்ற கதையைச் சொல்கிறார். நகரம் குண்டில் அழிந்தபின், காட்டுக்குள் இருப்பவர்களின் தலைவன் கிரேஞ்சர் மறுபடி பீனிக்ஸைக் கொண்டுவருகிறான்: அந்தப் பறவை தன்னைத்தானே எரித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பிறந்தது, மனிதர்களும் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் செய்த முட்டாள்தனம் என்னவென்று மனிதர்களுக்குத் தெரியும். எரிப்பவனின் சட்டையில் இருந்த பறவை, எரிப்புக்குத் தப்பியவர்களின் பேச்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒப்பீட்டுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல ஆதாரம் உனக்குக் கிடைக்காது.

நான்கு கதைகளில் அதிக நேரம் கொடுக்கவேண்டியது புரொமிதியஸுக்கு. பழங்கிரேக்கக் கவி ஹெசியட் சொல்லும் புரொமிதியஸ் தந்திரக்காரன். பலி கொடுத்த மாட்டைப் பங்கிடும்போது எலும்பைக் கொழுப்பால் மூடித் தெய்வங்களின் அரசன் சியுஸை ஏமாற்றுகிறான்; சியுஸ் கோபத்தில் மனிதரிடமிருந்து தீயை மறைக்க, இவன் பெருஞ்சீரகச் செடியின் தண்டுக்குள் ஒளித்துத் திருடி வருகிறான். எஸ்கிலஸின் பெயரில் வழங்கும் நாடகத்திலோ, அவனே மனிதருக்கு எழுத்தையும் எண்ணையும் மருத்துவத்தையும் கற்றுக்கொடுத்த உபகாரி. பாறையில் கட்டப்பட்டும் பணியாதவன். ஒரே ஆள், இரண்டு ஆட்கள். இது எங்களுக்குப் புதிதா? கம்பனில் வரும் இராவணனும், பேராசிரியர் மௌனகுருவின் ‘இராவணேசன்’ கூத்தில் ஆடி வரும் இராவணனும் ஒருவனா? புராணத்துக்கு ஒரே சரியான வடிவம் இல்லை. யார், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்பதுதான் இலக்கிய மாணவரின் வேலை. எந்த வடிவத்தைப் பற்றி எழுதுகிறாய் என்று ஒரு சொல்லில் குறிப்பிட்டாலே திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

பண்டோரா அதே கதையின் அடுத்த பாகம். தீயைத் திருடியதற்கு மனிதருக்குக் கிடைத்த தண்டனை அவள். அவள் திறந்தது பெட்டியல்ல, பெரிய சாடி. பெட்டி என்பது பதினாறாம் நூற்றாண்டில் எரஸ்மஸ் செய்த மொழிபெயர்ப்பால் வந்த குழப்பம். துன்பமெல்லாம் பறந்து போனபின் சாடிக்குள் நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது. தங்கியது நமக்காகவா, நமக்குக் கிடைக்காமலா? ஹெசியட் சொல்லவில்லை. நீயும் தீர்ப்புச் சொல்லிவிடாமல் இரண்டு பக்கத்தையும் எழுது.

இக்காரஸை உரோமானியக் கவி ஓவிட் சொன்னபடி வாசி. சிறகு கட்டிப் பறக்கும் தகப்பனையும் மகன் இக்காரஸையும் கீழே ஒரு தூண்டில்காரன், ஒரு இடையன், ஒரு உழவன் நிமிர்ந்து பார்க்கிறார்கள். தெய்வங்கள் என்று நினைக்கிறார்கள். விழுவதற்கு முன் வரும் அந்தச் சின்னக் காட்சியைக் குறிப்புக் கொப்பிகள் விட்டுவிடும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சோடி இருக்கிறது. சம்பாதியும் சடாயுவும் சூரியனை நோக்கிப் பறந்தபோது, தம்பி கருகிவிடாமல் தன் சிறகை விரித்து மூடிய சம்பாதியின் சிறகுதான் எரிந்தது. கிரேக்கத்தில் தகப்பன் புத்தி சொல்கிறான், மகன் கேட்காமல் விழுகிறான். இங்கே மூத்தவன் எரிகிறான், இளையவன் பிழைக்கிறான். எது மீறல், யார் விலை கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. உன் பாடத்திட்டத்தில் சம்பாதி இல்லை. ஆனால் இப்படி யோசித்துப் பார்த்தால் இக்காரஸின் கதையில் தகப்பனுக்கும் ஒரு பங்கு இருப்பது கண்ணில் படும். சிறகைச் செய்து கட்டிவிட்டது அவன்தானே.

தீசியஸில் அவன் வீரத்தைவிட அவன் ஊர் கட்டிய திறையைக் கவனி. ஏதென்ஸ் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவுக்கு அனுப்பவேண்டும், காளைத்தலை அரக்கன் மினோட்டோருக்கு இரையாக. ‘ஹங்கர் கேம்ஸ்’ எழுதிய சூசன் கொலின்ஸ் இந்தக் கதையிலிருந்தே தன் நாவல் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதில் வரும் நாட்டின் பெயர் பானெம், இலத்தீனில் ரொட்டி. சாப்பாடும் கேளிக்கையும் கொடுத்தால் சனங்கள் பேசாமல் இருப்பார்கள் என்ற உரோமானியத் தொடரிலிருந்து எடுத்தது. காலையில் பேக்கரியில் நாம் வாங்கும் பாணும் அதே வேர்தான், போர்த்துக்கேயர் வழியாக வந்தது.

இவ்வளவும் சொன்னபின் மூன்றாம் பகுதிக்கு என்ன எழுதுவது? முதற்பாதி நாவல், மறுபாதி புராணம் என்று பாகப்பிரிவினை செய்யாதே. ஒவ்வொரு பந்தியிலும் இரண்டும் இருக்கவேண்டும். என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: ஒருவன் தனக்கு வரும் தண்டனை தெரிந்தும் திருடிவந்து மனிதருக்குக் கொடுத்ததை, பிராட்பரியின் மனிதர்கள் யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புராணத்தில் எல்லையைப் போடுவது தெய்வம், மீறுவது மனிதன் அல்லது மனிதனுக்காக ஒருவன். டிஸ்டோபியாவில் எல்லையைப் போடுவதும் மனிதன். அதை மறந்துவிட்டு, இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நம்புவதும் அவன். தீயணைப்புப் படை ஒருகாலத்தில் தீயை அணைத்ததாமே என்று கிளாரிஸ் கேட்டபோது மொன்டாக் சிரிக்கிறானே, அந்தச் சிரிப்பை இந்தப் பந்திக்கு எடுத்துக்கொள். இதை அப்படியே எழுதாதே. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது; மறுத்து எழுது.

உனக்கு இந்த வாசிப்பு ஏற்கெனவே பழக்கம் என்பதையும் சொல்லவேண்டும். வைகாசியில் செட்டிபாளையத்திலோ தம்பிலுவிலிலோ கண்ணகி அம்மன் சடங்குக்குப் போயிருப்பாய். வழக்குரை பாடுவதைக் கேட்டிருப்பாய், குளிர்த்தியில் நின்றிருப்பாய். மதுரையை எரித்தவளின் கோபம் இன்னும் தணியவில்லை, அதைக் குளிரவைக்க வேண்டும் என்று ஒரு ஊரே வருடந்தோறும் கூடுகிறது. இளங்கோவின் கண்ணகி தீக்கு ஆணை கொடுக்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கம் சேர். அவளுடைய தீ ஆள் பார்த்து எரிக்கிறது. பீற்றியின் தீ எதையும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதே அதன் அழகு என்று அவன் நினைக்கிறான். எந்தத் தீக்கு நீதி இருக்கிறது என்ற கேள்வி உனக்குப் பரீட்சை மண்டபத்தில் புதிதாக முளைக்கவேண்டியதில்லை.

பாடமாக்குவதை நான் கேலி செய்யவில்லை. நாவலின் முடிவில் காட்டுக்குள் இருப்பவர்கள் ஆளுக்கொரு நூலை மனத்தில் வைத்திருக்கிறார்கள். நூல் எரிந்தாலும் ஆள் இருக்கிறான். எங்கள் அண்ணாவிமாரில் விடியவிடிய ஆடும் கூத்து முழுவதையும் ஏடு பார்க்காமல் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பாடமாக்கியது கூத்தை. கூத்தைப் பற்றிய குறிப்பை அல்ல. நீயும் நாவலின் சொற்களைப் பாடமாக்கு. இருபது மேற்கோள், ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து ஆறு சொல். நீண்ட மேற்கோளில் ஒரு சொல் தவறினால் முழுவதும் போய்விடும். சிறியதை உன் வசனத்துக்குள்ளேயே பின்னிவிடலாம்.

ஆங்கிலம் ஓடாது என்ற பயத்தில் சிலர் பெரிய பெரிய சொற்களைத் தேடுகிறார்கள். வேண்டாம். சொல்ல வந்ததை முதலில் தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்லிப்பார். அவர் எங்கே ‘ஏன்?’ என்று கேட்கிறாரோ அங்கேதான் உன் விடையில் ஓட்டை. அடைத்தபின் சின்னச் சின்ன ஆங்கில வசனங்களில் எழுது.

முதற்கிழமை நாவல், பென்சிலோடு. இரண்டாவதில் நான்கு புராணங்கள். சுருக்கம் அல்ல, ஹெசியட், ஓவிட் மொழிபெயர்ப்புகளில் அந்தந்தப் பகுதிகள். மூன்றாவதில் மணிக்கூட்டை முன்னால் வைத்து எழுத்து மட்டும். பரீட்சையில் பத்து நிமிடம் வாசிக்க, முதற்பகுதிக்கு முப்பத்தைந்து, இரண்டாவதற்கு முப்பது, ஒப்பீட்டுக்கு நாற்பது, மிச்சம் ஐந்து நிமிடம் பிழை பார்க்க. முதற்பகுதி நன்றாக ஓடுகிறது என்று ஒப்பீட்டின் நேரத்தைத் தின்றுவிடாதே. வருடாவருடம் கெட்டிக்காரப் பிள்ளைகள் புள்ளியை விடுவது அங்கேதான்.

இன்றிரவே நாவலின் முதற்பக்கத்தை எடுத்து முப்பத்தைந்து நிமிடம் எழுது. கையால். நாளைக்குப் படம் எடுத்து அனுப்பு, திருத்தித் தருகிறேன். என்னிடம் பச்சைப் பேனைதான் இருக்கிறது.